பி.எஸ்சி. பிசிக்ஸ்: ஒரு குமாஸ்தாவின் கணக்கு

சென்ற ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் அம்மாள் இறங்கி வந்தார். பின்னால் அவர் மகள். அம்மாவின் கையில் இரண்டு காகிதங்கள்.

"சார், நீங்க கவர்மெண்ட்ல வேலை பார்த்தவங்க. இதுல எதுல கையெழுத்துப் போடறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

ஒன்று, கிருஷ்ணகிரி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொல்லும் சீட்டு. இன்னொன்று, இங்கே பக்கத்தில் ஒரு தொழிற்சாலை கொடுத்த வேலைக் கடிதம். பிளஸ் டூ முடித்த பெண்களை எடுக்கிறார்கள். பிடித்தம் போகக் கைக்கு 16,000 ரூபாய். கம்பெனி பஸ் உண்டு, ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. இரண்டுக்கும் கடைசித் தேதி அந்த வாரத்திலேயே.

அந்த அம்மாள் பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்தில், பாலிஹவுஸில் பூ வெட்டும் வேலை செய்கிறார். கணவர் இல்லை. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம் என்று எல்லா ஓசூர்க்காரர்களையும் போலப் பேசிப் பிழைப்பவர். பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். பிசிக்ஸில் நல்ல மதிப்பெண். எங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் போட்டுக் கொடுப்பதும் அவள்தான்.

"உனக்கு எது இஷ்டம்மா?" என்று கேட்டேன்.

"பிசிக்ஸ்தான் தாத்தா. ஆனா அம்மா முட்டி வலியில ராத்திரி தூங்கறதே இல்ல."

இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகு நான் என்ன சொல்வது? புதன்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். பிறகு ஒரு பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களிடம் பேரப்பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் இதே கேள்வியோடு வருவார்கள். "பிசிக்ஸா? அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று ஒரு வரியில் நாம் முடித்துவிடுகிறோம். கேள்வி அவ்வளவு சின்னதல்ல.

முதலில் எனக்கு இதைப் பேச என்ன தகுதி என்று சொல்லிவிடுகிறேன். நான் பிசிக்ஸ் படித்தவனல்ல, படிக்க ஆசைப்பட்டவன். 1950-ல் புதுச்சேரியில் பிறந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ல் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்டு 16-ல். இடையில் பள்ளியில் சேர்ந்த என்னை அப்பா பிரெஞ்சு மீடியத்தில் போட்டுவிட்டார். எங்கள் வாத்தியார் கூரை உத்தரத்திலிருந்து ஒரு கயிற்றில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, "கயிற்றைப் பாதியாக்கினால் ஆட்டத்தின் நேரமும் பாதியாகுமா?" என்று கேட்டார். ஆகும் என்று வகுப்பே கத்தியது. ஆகவில்லை. கயிற்றைக் கால் பங்காகக் குறைத்தபோதுதான் நேரம் பாதியானது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது.

1968-ல் பள்ளி முடித்தேன். ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் கேட்டேன். என் பிரெஞ்சுச் சான்றிதழ் எதற்குச் சமம் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கோப்பு சுற்றிக்கொண்டே இருந்தது, சேர்க்கை முடிந்துவிட்டது. அடுத்த வருடம் அப்பாவுக்கு உடம்பு படுத்தது. 1970-ல் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மூலமாக மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எல்.டி.சி. ஆனேன். அதற்குப் பிறகு நாற்பது வருடம் நானும் கோப்புகளைச் சுற்ற விட்டவன்தான். ஆகையால் அந்தக் கல்லூரியைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

பிரெஞ்சில் பட்டப் படிப்புக்கு 'லிசான்ஸ்' என்று பெயர். நாம் லைசென்ஸ் என்கிறோமே, அதே வார்த்தைதான். பழைய காலத்தில் பாடம் சொல்லிக் கொடுக்க வழங்கிய அனுமதி. இந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அது பொய் சொல்வதில்லை. லைசென்ஸ் இருந்தால் வண்டி ஓட்டலாம். வண்டி வாங்கித் தரமாட்டார்கள். பிசிக்ஸ் பட்டத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

இனி கணக்கு.

செலவுப் பக்கம். அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைப் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. மற்ற சிறு கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தாலும் குடும்பத்தைக் கடனில் தள்ளும் தொகை இல்லை. அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பஸ் பாஸ் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. மூன்று வருடத்துக்கு 36,000 ரூபாய். நோட்டும் ரெக்கார்டும் கைச்செலவும் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும்.

அப்படியானால் படிப்பு இலவசமா? இல்லை. கையை விட்டுப் போன பணத்தை எல்லோரும் எழுதுவார்கள். கைக்கு வராமல் போன பணத்தை யாரும் எழுதுவதில்லை. மாதம் 16,000 என்றால் வருடத்துக்கு 1,92,000. மூன்று வருடத்தில் 5,76,000. பி.எஸ்சி.யோடு நிற்காமல் எம்.எஸ்சி.யும் என்றால் ஐந்து வருடத்தில் 9,60,000. வாத்தியார் வேலைக்கு பி.எட்.டும் வேண்டும், அது 2015-லிருந்து இரண்டு வருடப் படிப்பு. ஏழு வருடத்தில் 13,44,000. சம்பள உயர்வை நான் சேர்க்கவே இல்லை. கட்டணமே இல்லாத பிசிக்ஸ் பட்டத்துக்கு உண்மையான விலை இதுதான்.

வசதியான வீட்டில் இந்த வரி பூஜ்யம். அங்கே பதினெட்டு வயதுப் பெண்ணின் சம்பளத்தை எதிர்பார்த்து அடுப்பு எரிவதில்லை. அந்த அம்மாளுக்கோ இது பூஜ்யமல்ல. இன்னும் ஐந்து வருடம் பாலிஹவுஸ் வெக்கையில் நிற்க வேண்டும் என்று அர்த்தம். "படிப்பு ஒண்ணுதான் சொத்து, படிக்க வைங்க" என்று மேடையில் பேசுவது சுலபம். யாருடைய முட்டியைச் செலவு செய்து படிக்க வைப்பது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இனி வரவுப் பக்கம். மூன்று வருடம் முடிந்து கையில் பி.எஸ்சி. மட்டும் இருந்தால் என்ன கிடைக்கும்? டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதலாம். அதற்குப் பத்தாம் வகுப்பே போதும். குரூப் 2 எழுதலாம், பேங்க் பரீட்சை எழுதலாம். அதற்கு எந்தப் பட்டமானாலும் சரி, தமிழோ வரலாறோ படித்தவர்களும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவார்கள். பள்ளியில் கணக்கு படித்திருந்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம், ஆனால் அது இன்னும் மூன்று வருடம். தொழிற்பேட்டைக்குப் போனால் அங்கே டிப்ளமாவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் இருக்கும் மரியாதை பி.எஸ்சி.க்கு இல்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு பையன் இருந்தான். பி.எஸ்சி. பிசிக்ஸ், முதல் வகுப்பு. மேலே படிக்க வைக்க வீட்டில் முடியவில்லை. இருபத்தொன்று வயதில் ஒரு கம்பெனி வாசலில் போய் நின்றான். "மெஷின் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்களாம். கடைசியில் வேலை கிடைத்தது. பள்ளியில் அவனுக்கு ஒரு வகுப்பு கீழே படித்து, டிப்ளமா முடித்து வந்தவனுக்குக் கீழே கிடைத்தது. மூன்று வருடச் சம்பளமும் போய், மூன்று வருட சீனியாரிட்டியும் போயிற்று. பிசிக்ஸ் படித்தால் பிரயோஜனமில்லை என்று நம் ஊரில் சொல்பவர்கள் பெரும்பாலும் இப்படி ஒருவனைப் பார்த்தவர்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை.

ஆனால் அதே பட்டத்தோடு இன்னும் இரண்டு வருடம் போனவர்களையும் பார்க்க வேண்டும். எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். எம்.எஸ்சி.யோடு கதிரியக்க இயற்பியலில் டிப்ளமா சேர்த்தால் புற்றுநோய் மருத்துவமனையில் வேலை. கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு விழ வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் டாக்டரல்ல, பிசிக்ஸ் படித்தவர். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் எம்.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. 'ஜாம்' என்ற தேர்வில் தேறினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.; பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கும் அதுவே வழி. நம் ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அந்தக் கழகத்தின் வாசலில் போய் இறங்கலாம். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வழி தெரிந்த அளவுக்கு அதற்கு வழி தெரிந்தவர்கள் நம் ஊரில் இல்லை. தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அந்தக் கட்டத்தில் படிப்பே சம்பளம் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

இவையெல்லாம் சிலருக்குத்தான் கிடைக்கும். பரீட்சை எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில், தேறுகிறவர்கள் கொஞ்சம். இதை மறைத்துப் பேசினால் அது ஏமாற்று.

வேலைக் கடிதத்தையும் ஒரு தடவை முழுசாகப் படித்தேன். கோப்பு படித்த கண் சின்ன எழுத்தைத்தான் முதலில் தேடும். ஒரு வருட ஒப்பந்தம், தேவைப்பட்டால் நீட்டிப்பு என்று இருந்தது. பத்தாவது வருடத்தில் இந்த 16,000 என்னவாகும், இருபத்தெட்டு வயதில் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு ராத்திரி ஷிப்டுக்குப் போக முடியுமா என்பதற்கெல்லாம் அந்தக் காகிதத்தில் பதிலில்லை. அந்த வேலை கேவலம் என்று நான் சொல்லமாட்டேன். ஜார்க்கண்டிலிருந்தெல்லாம் பெண்கள் ரயிலேறி வந்து ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி அந்தச் சம்பளத்தில் ஊரில் வீடு கட்டுகிறார்கள். ஆனால் ஒரு பக்கம் ஏழு வருடக் கணக்குப் போட்டுவிட்டு, இன்னொரு பக்கம் ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் எழுதினால் அந்தக் கணக்கு ஆடிட்டில் நிற்காது.

என் மகனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இத்தனை நாள் இதைப் பற்றி எழுதியதில்லை.

1984-ல் எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. அப்போது இது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். சிப்காட்டில் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்திருந்தன. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கடிகாரக் கம்பெனியைத் தொடங்கிய வருடமும் அதுதான். சுற்று வட்டார கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்துக் கடிகாரம் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். கடிகாரத்தின் உள் இயந்திரத்துக்குத் தொழில்நுட்பம் கொடுத்தது பிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. புதுச்சேரியை விட்டு வந்து, பிரெஞ்சு இனி எதற்கு என்று நினைத்திருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஊரே அந்த வேலைகளைப் பார்த்து வாயைப் பிளந்தது. கல்லூரிக்குப் போனவன் சும்மா சுற்ற, போகாதவன் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினான்.

என் மகன் 1994-ல் பிளஸ் டூ முடித்தான். பிசிக்ஸ் படிக்கிறேன் என்றான். அப்பனின் பைத்தியம் அவனுக்கும் இருந்தது. நான் ஊரைப் பார்த்தேன், என் சம்பளத்தைப் பார்த்தேன், பின்னால் இரண்டு பெண்கள் இருப்பதைப் பார்த்தேன். "பிசிக்ஸ் சோறு போடாதுடா" என்றேன். தெரிந்தவர் மூலம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளனாகச் சேர்த்துவிட்டேன். இன்று அவன் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். வீடு கட்டினான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். அவனிடம் வேலை கற்றுக்கொண்ட பட்டதாரிகள் அவனுக்கு மேலே போனார்கள். மூன்று தடவை அப்படி நடந்தது. ஒரு தீபாவளிக்கு வந்தபோது சாதாரணமாகச் சொன்னான்: "எனக்குக் குறை ஒண்ணுமில்லப்பா. ஒரு மைக்ரான் வரைக்கும் அளவு எடுக்கத் தெரியும். ஏன் அந்த அளவுன்னு கேட்டா மட்டும் தெரியாது."

நான் அப்போது செய்தது தப்பா? அன்றைய கணக்கில் தப்பில்லை. ஆனால் கணக்கில் ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டேன் என்பது இப்போது தெரிகிறது. சம்பளம் அளவு எடுப்பதற்குக் கொடுத்தார்கள். உயர்வை 'ஏன்' தெரிந்தவனுக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு சின்னப் படிகத் துண்டு இருக்கிறது. பேட்டரியின் மின்சாரம் பட்டால் அது வினாடிக்கு 32,768 தடவை துடிக்கும். அந்த எண்ணைப் பாதி பாதியாகப் பதினைந்து தடவை வகுத்தால் ஒன்று வரும். அதுதான் ஒரு வினாடி. படிகத்தை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880-ல் கண்டுபிடித்தவர்கள் பாரிஸில் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும். யாரும் அவர்களைக் கடிகாரம் செய்யச் சொல்லவில்லை. நூறு வருடம் கழித்து, தமிழ்நாட்டின் ஓரத்தில் மழையில்லாத ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் அந்தப் படிகத்தால் சம்பளம் வாங்கினார்கள். பிசிக்ஸ் சோறு போடாது என்று நான் சொன்னபோது, எங்கள் ஊரே பிசிக்ஸ் போட்ட சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தது.

ஆனால் கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைத்தது? பியேர் கியூரி இருபத்திரண்டு வருடம் ஒரு தொழிற்கல்லூரியில் குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்தார். அவர் மனைவி மரி கியூரி போலந்தில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அக்காவை டாக்டருக்குப் படிக்க வைத்தார். பிறகு 1891-ல் பாரிஸ் வந்து, கூரையடி அறையில் குளிரில் இருந்து, 1893-ல் பிசிக்ஸில் லிசான்ஸ் வாங்கினார், முதலாவதாக. அடுத்த பட்டத்துக்கு 600 ரூபிள் உதவித்தொகை கிடைத்தது. சம்பாதிக்க ஆரம்பித்ததும் அதை வேறொரு ஏழை மாணவருக்குப் பயன்படட்டும் என்று அப்படியே திருப்பிக் கட்டினார். பள்ளியில் எங்களுக்கு ரேடியத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த 600 ரூபிளைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லியிருக்கலாம்.

நம் பக்கத்திலும் பாருங்கள். சர் சி.வி. ராமன் 1907-ல் சென்னையில் எம்.ஏ. முடித்ததும் என்ன செய்தார்? அந்தக் காலத்தில் பிசிக்ஸ் படித்தவனுக்கு இந்த நாட்டில் வேலையே இல்லை. நிதித் துறைப் பரீட்சை எழுதி, கல்கத்தாவில் கணக்கு அதிகாரி ஆனார். பத்து வருடம் பகலில் அரசாங்கக் கணக்கு, ஆபீசுக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சிக் கூடம். 1917-ல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1930-ல் நோபல் பரிசு. எங்கள் ஆபீஸ் ஜாதியிலிருந்து ஒருவர் அந்த உயரத்துக்குப் போனார் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

அப்துல் கலாமின் கதை வேறு மாதிரி. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்த பிறகுதான், தனக்கு வேண்டியது பொறியியல் என்று தெரிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர அவர் அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். யாராவது ஒருவர் நகையையோ முட்டியையோ அடகு வைக்காமல் ஏழை வீட்டில் பட்டம் வருவதில்லை. கலாமுக்குப் பலித்தது. அடகு வைத்து மீட்காத அக்காக்கள் எத்தனையோ பேர். அவர்களை யாரும் எழுதுவதில்லை.

இவ்வளவும் யோசித்த பிறகு என் அபிப்பிராயம் இதுதான்.

கடன் வாங்கி பிசிக்ஸ் படிக்கக் கூடாது. அரசுக் கல்லூரியிலோ, உதவித்தொகையோடோ கிடைத்தால் படிக்கலாம். தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்க இது ஏற்ற படிப்பல்ல. திருப்பிக் கட்டும் தவணை எம்.எஸ்சி.க்கு முன்னாலேயே கழுத்தைப் பிடிக்கும்.

பிசிக்ஸை மூன்று வருடப் படிப்பு என்று நினைத்துச் சேரக் கூடாது. ஐந்து வருடம் போகத் தயாராக இருந்தால் சேரலாம். இல்லையென்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள், டிப்ளமாவே நல்லது. கிருஷ்ணகிரியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பாதி வழியில் நிற்பதுதான் இந்தப் படிப்பில் மிகப் பெரிய நஷ்டம்.

பிள்ளைக்குக் கணக்கு பிடிக்க வேண்டும். பிசிக்ஸ் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். விடைக்குறிப்பு இல்லாத ஒரு கணக்கைக் கொடுத்து எவ்வளவு நேரம் அதோடு உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

முதல் வருடத்திலிருந்தே ஊரின் பட்டறைகளையும் பார்க்க வேண்டும். பிசிக்ஸ் பிராக்டிகலில் முதலில் கையில் கொடுப்பது வெர்னியர் காலிப்பர். வெர்னியர் என்பவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அந்த அளவுகோலை 1631-ல் வெளியிட்டார். அடுத்தது ஸ்க்ரூ கேஜ். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் அதற்குப் பெயர் 'பால்மேர்', 1848-ல் காப்புரிமை வாங்கியவரின் பெயர். ஓசூர்ப் பட்டறைகளில் மைக்ரோமீட்டர். மூன்றும் ஒரே சாமான். தொழிற்பேட்டை முழுவதும் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது. கல்லூரிக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஸ்க்ரூ கேஜும் மைக்ரோமீட்டரும் ஒன்று என்று மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கல்லூரிகள் வருடத்துக்கு ஒரு மாதமாவது பிள்ளைகளை அங்கே அனுப்பினால் என் தெருப் பையன் போல வாசலில் விழித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. வேலைக்குப் போய்விட்டு, பிறகு படித்துக்கொள்ளலாம் என்பார்கள். வரலாறோ பி.காமோ தபாலில் படிக்கலாம். பிசிக்ஸுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், பகலில் நிற்க வேண்டும். ஷிப்ட் முடித்து வந்து அதைச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. இருபத்தொன்றில் தொழிற்சாலைக் கதவைத் தட்டலாம், கொஞ்சம் தாமதமானாலும் திறக்கும். இருபத்தைந்தில் கல்லூரிக் கதவைத் தட்ட நம் பெண்களுக்கு யாரும் நேரம் கொடுப்பதில்லை.

புதன்கிழமை இதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். டைரியைக் காட்டி, 9,60,000 என்ற எண்ணையும் மறைக்காமல் காட்டினேன். அந்த அம்மாள் ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கட்டும் சார்" என்றார் கடைசியில்.

வாடகையில் மாதம் 2,000 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "சும்மா வேணாம் சார். கடனா எழுதிக்குங்க." என் மனைவி உள்ளேயிருந்து, "எழுதிக்கோங்களேன், எழுதறதுதானே உங்க வேலை" என்றாள். எழுதினேன். மாதா மாதம் அந்தப் பெண்ணே வந்து அந்த வரியில் கையெழுத்துப் போடுகிறாள். வட்டி இல்லை, தேதி மட்டும் உண்டு.

அடுத்த ஞாயிறு மகன் வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் காபியைக் குடித்தான். பிறகு சிரித்துக்கொண்டே, "நல்லதுப்பா. அப்போ நம்ம வீட்டுக்கும் கீழ் போர்ஷன்ல ஒரு தாத்தா இருந்திருக்கலாம்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவள் இப்போது தினமும் காலையில் கிருஷ்ணகிரி பஸ் ஏறுகிறாள். சூளகிரி வரைக்கும் நின்றுகொண்டு போக வேண்டியிருக்கிறதாம். முதல் பிராக்டிகலில் ஒரு கம்பியின் தடிமனை அளந்ததாகச் சொன்னாள். வகுப்பில் ஆளுக்கொரு விடை வந்ததாம். எது சரி என்று வாத்தியாரைக் கேட்டதற்கு, மறுபடியும் அள என்றாராம்.

என் கணக்கு சரியா தப்பா என்று தெரிய இன்னும் ஐந்து வருடம் ஆகும். எனக்கு அப்போது எண்பது தாண்டியிருக்கும். டைரி எங்கே இருக்கிறது என்று மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.